வேட்கையும் வெஃகலும்: சில சொற்களின் வரலாறு

மனிதனை உள்ளிருந்து இயக்குவது எது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு மொழியும் தன் சொற்களாலேயே விடை கூறி வந்திருக்கிறது. நாம் இன்று ‘ஆசை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் பலவற்றை நம் முன்னோர் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். வேட்கை, அவா, நசை, விழைவு, வெஃகல், ஆர்வம், காதல், காமம், பற்று, வயா என்று அவ்வரிசை நீளும். அகராதியைப் புரட்டினால் இவை யாவும் ஏறத்தாழ ஒரே பொருள் தருவன போலத் தோன்றும். நூல்களில் இவை வழங்கிய இடங்களை நோக்கினாலோ ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று நில்லாது என்பது விளங்கும்.

இவ்வாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதன்று. ஏலப்பாறையிலும் அதனைச் சூழ்ந்த பீருமேட்டு மலைகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு வழக்கே அடங்கியிருக்கிறது. நம் பாட்டனாரும் பூட்டனாரும் ‘ஆசைப்பட்டு மலையேறி வந்தவர்கள்’ என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். கூலியை உயர்த்திக் கேட்டபோது ‘பேராசை’ என்ற சொல்லும் காதில் விழுந்ததுண்டு. இச்சொற்கள் அவர்களுக்குப் பொருந்துமா? ஒருவர் மீது ஒரு சொல்லைச் சுமத்துமுன் அச்சொல்லின் வரலாற்றைக் கேட்டறிவது முறையாகும்.

உடலிற் பிறந்த சொற்கள்

தமிழின் பழைய இலக்கணமாகிய தொல்காப்பியத்தில் உரியியல் என்று ஒரு பகுதி உண்டு. அக்காலத்திலேயே அருகி வழங்கிய சொற்களுக்குப் பொருள் கூறும் பகுதி அது. விருப்பத்தைக் குறிக்கும் சொற்கள் சிலவற்றை அங்கே காண்கிறோம். நம்பு, மேவு என்னும் இரண்டும் நசைப் பொருளன என்கிறது அந்நூல். நசை என்பது விருப்பம். இன்று ‘நம்புகிறேன்’ என்றால் ஐயமின்றி ஏற்கிறேன் என்று பொருள். அன்று அச்சொல்லின் முதற்பொருள் விரும்புதல். விரும்பியதையே மனம் எளிதில் நம்புகிறது என்னும் உண்மையை இந்த ஒரு சொல்லின் பயணம் நமக்குக் காட்டுகிறது.

நசை என்னும் சொல்லும் அதன் உறவாகிய ‘நச்சு’ என்னும் வினையும் இன்று பேச்சில் இல்லை. ஆயினும் ஒரு பெயரில் நிலைத்திருக்கின்றன. தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் உரை கண்ட நச்சினார்க்கினியரை அறியாத தமிழ் மாணவர் இலர். தம்மை விரும்பியவர்க்கு இனியவர் என்பதே அப்பெயரின் பொருள். நச்சு என்றால் நஞ்சு என்று மட்டும் அறிந்த இளைஞர் அப்பெயரைக் கண்டு திகைப்பதில் வியப்பில்லை.

அதே உரியியலில் ‘வெம்மை’ என்பதற்கு வேண்டல் என்று பொருள் கூறப்படுகிறது. வெப்பத்தைக் குறிக்கும் சொல்லே விருப்பத்தையும் குறித்தது. விரும்பப்படுகிறவளை வெய்யோள் எனக் கூறும் பழைய வழக்கு இதனால் விளங்கும். வேட்கை என்னும் சொல்லோ விருப்பத்தையும் குறிக்கும். நீர்வேட்கை என்று தாகத்தையும் குறிக்கும். ஆர்வம் என்பதை நோக்குக. ‘ஆர்தல்’ என்றால் உண்ணுதல், நிறைதல் என்று பொருள். உள்ளம் ஒன்றை நாடி நிற்கும் நிலைக்கும் வயிறு நிறையும் நிலைக்கும் மொழி உறவு கண்டிருக்கிறது.

இவற்றுள் நம் தாய்மார்க்கு நெருக்கமான சொல் ‘வயா’ என்பது. அதற்கு வேட்கைப் பெருக்கம் என்று தொல்காப்பியம் பொருள் கூறும். கருவுற்ற பெண்ணுக்குப் புளிப்பிலும் மண்ணிலும் செல்லும் விருப்பமே அது. இன்று மசக்கை என்கிறோம். புறநானூற்றின் 20-ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னனைப் புகழ்கிறார். அவன் நாட்டு மண்ணை உண்போர் கருவுற்று வயாக்கொண்ட பெண்களே அன்றிப் பகைவர் அல்லர் என்பது அவர் கூறும் நயம். ஒரு நாட்டின் காவலைப் புகழ வந்த புலவர், ஒரு பெண்ணின் உடல் கேட்கும் வேட்கையை அதற்கு அளவாக எடுத்துக்கொண்டார். அதில் இழிவொன்றையும் அவர் காணவில்லை. அவர் பாடிய சேரநாட்டின் வழி வந்ததே நாம் வாழும் கேரளம் என்பதும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வெப்பம், தாகம், உண்ணல், கருவுறுதல் ஆகிய உடலின் நிகழ்ச்சிகளிலிருந்தும் அவற்றை ஒட்டியும் விருப்பச் சொற்கள் வளர்ந்திருக்கின்றன. எல்லா உயிர்க்கும் இன்பத்தை நாடுதல் இயல்பு என்று தொல்காப்பியப் பொருளியல் பொதுவாகவே கூறுகிறது. அங்கே மேவுதல் என்னும் சொல்லே ஆளப்படுகிறது. உயிர் இருக்குமிடத்தில் விருப்பம் இருக்கும் என்பதே அக்கருத்து. குற்றம், குணம் என்னும் பேச்சு அங்கே எழவில்லை.

குறள் இட்ட வேலி

விருப்பம் உயிரின் இயல்பானால் அதற்கு எல்லை இல்லையா என்று கேட்கலாம். எல்லையைத் தெளிவாக வரையறுத்தவர் திருவள்ளுவர். அவர் அதிகாரங்களுக்குத் தேர்ந்த பெயர்களே இதற்குச் சான்று. 15-ஆம் அதிகாரம் பிறனில் விழையாமை. 18-ஆம் அதிகாரம் வெஃகாமை. 37-ஆம் அதிகாரம் அவாவறுத்தல். மூன்றும் விருப்பத்தைப் பற்றியனவே. ஆனால் மூன்றுக்கும் மூன்று சொற்கள்.

பிறன் மனைவியை நாடுவதை விழைதல் என்றார். பிறன் பொருளைக் கவரக் கருதுவதை வெஃகல் என்றார். இவ்விரண்டு அதிகாரங்களும் இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டவை. பிறனுக்கு உரியது என்னும் எல்லையே இங்கு வேலி. அவாவறுத்தலோ துறவறத்தில் வைக்கப்பட்டது. மெய்யுணர்தலுக்கு அடுத்து, ஊழுக்கு முன்னே அது நிற்கிறது. பிறவியின் வேரையே அறுக்க முனைந்த துறவிக்கு உரிய பாடம் அது. இல்லறத்தானை நோக்கி எதையும் விரும்பாதே என்று வள்ளுவர் கூறவில்லை. மாறாக, ஊக்கமுடைமையைத் தனி அதிகாரமாக வைத்தார். பொருள் ஈட்டுதலைப் போற்றினார். மூன்றாம் பாலுக்குப் பொருளாகக் காமத்தையே கொண்டார்.

இந்த வேறுபாடு மறைந்தால் நேரும் பிழை பெரிது. துறவிக்குச் சொன்ன அறிவுரையை எடுத்துக் கூலிக்காரனிடம் நீட்டிவிடலாம். ‘ஆசையே துன்பத்திற்குக் காரணம்’ என்னும் வாசகத்தை மேடையிலும் நாட்காட்டித் தாளிலும் பார்க்கிறோம். அதைச் சொல்பவர் வயிறு நிறைந்தவராகவும் கேட்பவர் அரை வயிற்றினராகவும் இருந்தால் அவ்வாசகம் அறமாகுமா? இதற்கு விடையை ஒரு பௌத்தக் காப்பியமே தருகிறது.

பசி வேறு, வேட்கை வேறு

மணிமேகலைக் காப்பியம் பௌத்தத்தின் பன்னிரு நிதானங்களைத் தமிழில் எடுத்துரைக்கிறது. பேதைமையில் தொடங்கிச் செய்கை, உணர்வு என்று தொடரும் அச்சங்கிலியில் நுகர்வுக்குப் பின் வேட்கையும், வேட்கைக்குப் பின் பற்றும் வருகின்றன. பாலி மொழியில் ‘தண்ஹா’ என்றும் வடமொழியில் ‘திருஷ்ணா’ என்றும் வழங்கும் சொல்லுக்குத் தாகம் என்பது நேர்ப்பொருள். சாத்தனார் அதற்குத் தமிழில் வேட்கை என்னும் சொல்லை ஆண்டார். தாகத்தையும் விருப்பத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல் தமிழிலும் இருந்தமையால் அம்மொழிபெயர்ப்பு சிறிதும் பிசகவில்லை.

நாம் கருத வேண்டியது மற்றொன்று. வேட்கையை அறுக்கச் சொல்லும் அதே நூல் பசியை வேட்கை என்று சொல்லவில்லை; பிணி என்று சொல்லிற்று. பிணியாளனிடம் நோயைத் துறந்துவிடு என்று எவரும் கூறுவதில்லை; மருந்து கொடுக்கிறோம். மணிமேகலை கையில் ஏந்திய அமுதசுரபி அம்மருந்து. காப்பியத்தின் ஈற்றுப் பகுதியில் அவள் பஞ்சத்தால் வாடிய காஞ்சி நகரை அடைகிறாள். முதலில் அங்குள்ள உயிர்களுக்குச் சோறிடுகிறாள். அதன் பின்னரே அறவண அடிகளிடம் அறவுரை கேட்கிறாள். சோறு முன், தத்துவம் பின். இவ்வரிசையைச் சாத்தனார் அறியாமல் வைத்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

பற்று என்னும் சொல்லும் இவ்விடத்தில் சிந்தனைக்குரியது. காப்பியத்தில் அது பிறவியோடு உயிரைப் பிணிக்கும் கட்டு. கடைக்காரரின் கணக்கேட்டில் அதுவே பற்று வரவு என்னும் இணையில் கடனைக் குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய வாழ்க்கை ஒன்று உண்டு. அது தோட்டத்து வாழ்க்கை. அதற்குப் பின்னர் வருவோம்.

வந்த சொற்களும் மாறிய மதிப்பும்

இன்று நம் நாவில் மிகுதியாக வழங்கும் ஆசை என்னும் சொல், வடமொழி ‘ஆசா’ என்பதோடு தொடர்புடையது என்பர் அறிஞர் பலர். குறளில் தவம் என்னும் அதிகாரத்திலும் அச்சொல் இடம்பெறுகிறது. இச்சை, மோகம், தாபம், அபேட்சை முதலியனவும் வடமொழி வழியாகத் தமிழில் வழங்கியவை. காமம் என்பது வடமொழிச் சொல்லே என்பாரும், நிறைவைக் குறிக்கும் ‘கமம்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லோடு அதனை இணைப்பாரும் உண்டு. எம்மொழிச் சொல்லாயினும் அதன் மதிப்பு மாறியமை தெளிவு. வள்ளுவர் ஒரு பாலுக்கே பொருளாக்கிய சொல்லைக் குழந்தைகள் முன் உச்சரிக்க இன்று கூசுகிறோம். பலர் அப்பாலை இன்பத்துப்பால் என்றே கூற விரும்புகின்றனர்.

அலுவலகக் கோப்புகளோடு நாளெல்லாம் பழகும் நம் போன்றோர்க்கு இச்சொற்களில் வேறொரு சுவையும் உண்டு. தேர்தலில் நிற்பவரைப் பழைய தமிழ் நாளிதழ்கள் ‘அபேட்சகர்’ என்று எழுதின. அபேட்சை என்றால் விருப்பம். அபேட்சகர் என்றால் விரும்புகிறவர். தனித்தமிழ் உணர்ச்சி ஓங்கிய பின் அவர் ‘வேட்பாளர்’ ஆனார். வேட்பு என்பதும் விருப்பமே. ஆடை மாறியதேயன்றி ஆள் மாறவில்லை. ஆங்கிலத்தில் அவரைக் குறிக்கும் ‘காண்டிடேட்’ என்னும் சொல் இலத்தீன் மொழியில் வெள்ளாடை உடுத்தவர் என்று பொருள்படும். பழைய உரோமில் பதவி நாடியவர்கள் வெளுத்த ஆடையுடன் மக்கள் முன் வந்தனர். உரோமர் ஆடையைப் பார்த்தனர். தமிழர் ஆடைக்குள் இருந்த விருப்பத்தைப் பார்த்தனர்.

வேள் என்னும் அடியின் குடும்பமும் பெரிது. வேட்கை, வேட்பு ஆகியவற்றோடு வேள்வியும் வேட்டலும் அதில் அடங்கும். வேட்டல் என்பது விரும்புதலையும் மணத்தலையும் வேள்வி செய்தலையும் குறிக்கும். ஒருவரை மணந்துகொள்வதும் விரும்புவதும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டன என்பது நம் பழைய வாழ்வைப் பற்றிய நல்ல சான்றாகும்.

விண்ணப்பம் என்னும் சொல்லின் கதை வேறு. வடமொழியில் அறிவித்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அது வந்தது. பல்லவர் செப்பேடுகளில் கொடையை வேண்டி அரசனிடம் விண்ணப்பம் செய்தவர் பெயரும், அரசனது ஆணையை நிறைவேற்றிய ஆணத்தி பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. கேட்பவன் தன் தேவையை அறிவிக்கிறான் என்பதே அச்சொல்லின் உட்பொருள். விண்ணப்பம் பிச்சையன்று என்பதை விண்ணப்பம் எழுதுவோரும் அதைப் பெறுவோரும் நினைவிற்கொள்வது நன்று.

உள்ளிருந்து தள்ளும் விசை

20-ஆம் நூற்றாண்டில் உளவியல் என்னும் புதிய துறை தமிழுக்கு வந்தது. மக்டூகல் என்னும் அறிஞர் 1908-இல் வெளியிட்ட சமூக உளவியல் நூலில் மனிதச் செயல்களுக்கெல்லாம் பிறவியிலேயே அமைந்த விசைகள் அடிப்படை என்று கூறினார். அவ்விசையைத் தமிழ்ப் பாடநூலார் ‘இயல்பூக்கம்’ என்றனர். தூண்டல், துலங்கல், மனவெழுச்சி, ஊக்கி, உந்துதல் என்னும் சொற்களும் ஆசிரியர் பயிற்சிப் பாடங்கள் வாயிலாகப் பரவின. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருக்க, 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் இத்தகைய துறைகளைத் தமிழில் எழுத இயலும் என்று மெய்ப்பித்தது. தூரனே குழந்தை உள்ளம் பற்றியும் குமரப் பருவம் பற்றியும் தமிழில் நூல்கள் எழுதியவர்.

இக்கலைச்சொற்களைச் சற்று உற்று நோக்கினால் அவை புதியன அல்ல என்பது புலப்படும். ஊக்கம் குறளில் உள்ள சொல். உந்துதல் சங்க நூல்களில் தள்ளுதல், செலுத்துதல் என்னும் பொருளில் வழங்கியது. தூண்டுதல் விளக்குத் திரியை நிமிர்த்தும் செயல். தூண்டுகோல் அதற்குரிய கருவி. ஆஸ்திரிய அறிஞர் பிராய்டு ஆண்ட ‘திரீப்’ என்னும் சொல்லும் ஓட்டுதல், தள்ளுதல் என்னும் பொருளடியாகப் பிறந்ததே. அதனை ஆங்கிலத்தில் எவ்வாறு பெயர்ப்பது என்பதில் அறிஞரிடையே நெடுங்காலம் வழக்கு நிகழ்ந்தது. நம் உந்துதல் அதற்குப் பெரிதும் நெருங்கி நிற்கிறது. நெருப்பையும் நீரையும் கொண்டு விருப்பத்தை விளக்கியவர் நம் பழையோர். விசையைக் கொண்டு விளக்கியவர் புதியோர். எவ்வழியாயினும், உந்தப்படுபவனைக் குற்றவாளி என்று இச்சொற்கள் கூறவில்லை.

மலையின் இரு மொழிகள்

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் ஏலப்பாறைக் கடைவீதியில் இரு மொழிகளும் ஒருங்கே ஒலிக்கின்றன. பாலக்காட்டு எல்லையிலும் அதுவே நிலை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் நம் பிள்ளைகள் விருப்பச் சொற்களைப் பொறுத்தவரை ஒரு விந்தையான நிலையில் இருக்கின்றனர். ஒலி ஒன்றாக இருக்கிறது; பொருள் விலகி நிற்கிறது.

‘காமுகன்’ என்றால் மலையாளத்தில் காதலன், குற்றமற்ற சொல். தமிழிலோ ஒருவரை அப்படி அழைத்தால் சண்டை வரும். ‘மோகம்’ மலையாளத்தில் எளிய விருப்பத்தையும் குறிக்கும். தமிழில் அது அறிவை மயக்குவது, முப்பது நாளில் தீர்வது என்று பழமொழியே உண்டு. ‘கொதி’ தமிழில் உலை நீரின் நிலை. மலையாளத்தில் நாவூறும் விருப்பம். விருந்தினர் வீட்டில் பலாச்சுளையைக் கண்டு கொதியாகிறது என்று மலையாளத்தில் கூறும் குழந்தை கோபப்படவில்லை. வெம்மைக்கு வேண்டல் என்று பொருள் கண்ட தொல்காப்பியர் அக்குழந்தையின் சொல்லைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். வெம்பல் என்பதும் அவ்வாறே. தமிழில் கனி வெம்பும். மலையாளத்தில் ஆவலால் உள்ளம் வெம்பும்.

‘ஆக்கிரகம்’ என்னும் சொல் மலையாளத்தில் விருப்பம். வடமொழியில் அதற்கு விடாப்பிடி என்று பொருள். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வாய்மையோடு அதனை இணைத்துச் சத்தியாக்கிரகம் என்னும் பெயரை உலகிற்குத் தந்தார். 1924-இல் நம் மலைக்குக் கீழே கோட்டயம் பகுதியிலுள்ள வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது; ஈரோட்டிலிருந்து பெரியாரும் சென்று சிறை புகுந்தார். தெருவில் நடக்க வேண்டும் என்னும் எளிய ஆக்கிரகம் சத்தியாக்கிரகம் ஆயிற்று.

திருமணத்தைக் குறிக்கும் ‘வேளி’ என்னும் மலையாளச் சொல் நாம் முன்னர்க் கண்ட வேள் அடியிற் பிறந்தது. ‘வேண்ட’ என்று மலையாளி மறுக்கும்போது வள்ளுவர் காலத்து ‘வேண்டா’ நம் காதில் விழுகிறது. நாம் வேண்டாம் என்று மகரம் சேர்த்துக்கொண்டோம். ஆகவே, பிள்ளைகள் இவ்விரு மொழிகளையும் கலந்துவிடுகிறார்களே என்று கவலைப்படுவதோடு நில்லாமல், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பழந்தமிழின் பாதி அவர்களுக்குப் பாடமின்றியே விளங்கும்.

மலையேறியவர்களின் சொல்

இனி, முதலில் எழுப்பிய வழக்குக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பீருமேட்டு மலைகளில் வெள்ளையர் காப்பி பயிரிட்டனர். காப்பிச் செடியை நோய் தாக்கிய பின் தேயிலை பரவிற்று. காட்டை வெட்டவும் கொழுந்து கிள்ளவும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ் மாவட்டங்களின் ஊர்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினர். கம்பம் பள்ளத்தாக்கின் வழியே குமுளி ஏறி வந்த குடும்பங்கள் பல. ‘ஆசை காட்டினான்’ என்று கங்காணியைப் பற்றி நம் பெரியோர் கூறுவர். இவ்வாக்கியத்தின் எழுவாயைக் கவனித்தல் வேண்டும். ஆசை கங்காணியின் கையில் இருந்த பொருள். வந்தவர்களிடம் இருந்தது பசியும் நம்பிக்கையும். நம்பு என்னும் சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் அவர்களிடம் ஒன்றாயின. விரும்பியும் வந்தனர், மெய்யென்று எண்ணியும் வந்தனர்.

வந்தபின் அவர்களைக் கட்டியது பற்று. வாங்கிய முன்பணமும் வாங்கிய அரிசியும் பற்றாக எழுதப்பட்டன. கூலியில் அது கழிந்தது, மீண்டும் ஏறியது. காப்பியத்துப் பற்றை அறுக்க ஞானம் வேண்டும். கணக்கேட்டுப் பற்றை அறுக்க அவர்களுக்குக் கைப்பொருள் இல்லை. லயத்தின் ஒற்றை அறையில் பிறந்த பிள்ளைக்கும் இந்தப் பற்றின் நிழல் விழுந்தது.

1951-இல் நாடாளுமன்றம் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக்கிற்று. அதுவரை தொழிலாளியின் ‘ஆசை’ எனப்பட்டவை அன்று முதல் சட்டம் ஏற்ற தேவைகளாயின. சொல் மாறியதும் நிலையும் மாறத் தொடங்கிற்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. 1972-இல் இவ்வட்டங்கள் கோட்டயத்திலிருந்து பிரிந்து இடுக்கி மாவட்டத்தில் அடங்கின. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது நம் வட்டத்தில் தோட்டங்கள் பல மூடின. மூடிய தோட்டத்து லயத்திலேயே தங்கியவர்களை எச்சொல்லால் குறிப்போம்? பேராசைக்காரர் என்போமா?

2015 செப்டம்பரில் இதே மாவட்டத்து மூணாறில் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சங்கத் தலைவர்களை விலக்கி வைத்துத் தாமே பேசினர். 20 விழுக்காடு போனஸ் கேட்டனர். அவர்கள் இயக்கத்துக்குப் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று பெயர் நிலைத்தது. ஒருமை தமிழ் இலக்கணத்தில் ஓர் எண்; மலையாளத்தில் ஒற்றுமை. தனித்தனியே கூடை சுமந்தவர்கள் ஒன்றானபோது அவ்விரு பொருளும் பொருந்தின. அவர்கள் கேட்ட போனஸ் விகிதம் ஈற்றில் வேறொரு பெயரால் நிரவப்பட்டுக் கிடைத்தது.

அவர்கள் கேட்டது பிறன் பொருளன்று. தாம் கிள்ளிய கொழுந்தின் பயனில் ஒரு பங்கு. எனவே வள்ளுவரின் சொல்லாட்சிப்படி அது வெஃகல் ஆகாது. துறவறம் பூண்டவர்கள் அல்லராதலால் அவாவறுத்தலும் அவர்களுக்குரிய பாடமாகாது. அது வேண்டல். வெம்மைக்குத் தொல்காப்பியம் கூறிய பொருள் அதுவே.

தொழிலாளர் முன்வைப்பதைத் தமிழில் கோரிக்கை என்கிறோம். தெலுங்கில் ‘கோரிக்க’ என்றால் விருப்பம் என்றே பொருள். மலையாளத்தில் அதனை ‘ஆவசியம்’ என்பர். நாம் அவசியம் என்று எழுதுவது அச்சொல்லையே. ஒரே கொடியின் கீழ் நிற்பவர்களில் ஒருவர் தம் கோரிக்கை என்கிறார். அடுத்து நிற்பவர் தம் ஆவசியம் என்கிறார். ஒருவர் விருப்பமாகச் சொன்னதை மற்றவர் தேவையாகச் சொல்கிறார். இருவரும் கேட்பது ஒன்றே.

நம் இல்லங்களில் இச்சொற்களைப் பிள்ளைகளிடம் பிரித்து வழங்குவோமாக. பசித்தவனைப் பசித்தவன் என்றும், கற்க நாடும் சிறுமியின் நிலையை ஆர்வம் என்றும், உழைத்தவன் கேட்பதை வேண்டல் என்றும், அடுத்தவன் நிலத்தின் மேற் கண் வைப்பதை வெஃகல் என்றும் சொல்லிப் பழகுவோமாக. நம் பாட்டனாரைப் பற்றிப் பிள்ளைகள் வினவினால், ஆசைப்பட்டு வந்தார் என்று கூற வேண்டா. பசித்து வந்தார், நம்பி வந்தார், உழைத்து நின்றார் என்று கூறினால் போதும்.